வண்டிக்கு உள்ளும் வண்டிக்கு அடியிலும்: செட்டிநாட்டுப் பயண வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் பழைய மர வண்டிகளைப் புதுப்பித்துப் புல்வெளியில் நிறுத்தி, விருந்தினருக்கு இரவு வாடகைக்கு விடுகிறார்கள். வண்டிக்குள் மெத்தை இருக்கிறது, சிறிய இரும்பு அடுப்பு இருக்கிறது, சாளரத்துக்குப் பூ வேலை செய்த திரை இருக்கிறது. குதிரை மட்டும் இல்லை. இவ்வகைத் தங்கலுக்கு 'கிளாம்பிங்' என்று பெயர். கூடாரத்தின் எளிமையும் விடுதியின் வசதியும் ஒன்று சேர்ந்தது என்பது பொருள். இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் வாசக நண்பர்களிடையே ஒரு கேள்வி எழுந்தது. வண்டியையே வீடாகக் கொண்டு வாழ்ந்த மரபு நமக்கு உண்டா? உண்டென்றால் அந்த வண்டிகள் எங்கே போயின?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது செட்டிநாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று நகரத்தார் வீடுகள் சில மரபு விடுதிகளாக மாறியிருக்கின்றன. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் எனப் பெயர்களை அடுக்கலாம். அத்தகைய விடுதிகளில் தங்குவோரை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டும் வழக்கமும் உண்டு. இங்கிலாந்தில் வண்டி விடுதியாயிற்று. இங்கே வீடு விடுதியாகி, வண்டி அதன் முன்னே வேடிக்கைப் பொருளாக நிற்கிறது. ஆனால் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் அந்த வீட்டைவிட வண்டியே மூத்தது. அந்த வீட்டைக் கொண்டுவந்து சேர்த்ததும் வண்டிதான்.

தமிழில் வண்டி வீட்டின் மிகப் பழைய சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில், உள்நாட்டுக்கு உப்பு ஏற்றிச் செல்லும் உமணர்களின் வண்டி வரிசை ஒன்று வருகிறது. முழவு போல் திரண்ட மரத்தால் ஆன சக்கரத்தை முதலில் காட்டுகிறார் புலவர். அடுத்து வண்டியின் மேல் வேய்ந்த கூரை வருகிறது. யானையிடமிருந்து பயிரைக் காப்பவர்களின் குடிசையைப் போன்றது வண்டி என்கிறார். அதில் கோழிகள் அடைந்திருக்கின்றன. சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்குகிறது. காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது. கைக்குழந்தையோடு இருக்கும் பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழை மாலை அணிந்த வலிய ஆண்கள் வண்டியின் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள். அடுப்படியும் கோழிக்கூடும் தொட்டிலும் ஒருங்கே நகரும் இந்தக் காட்சியைக் குடும்பம் என்று சொல்வதா, வணிகம் என்று சொல்வதா? இரண்டும் பிரியாத காலம் அது.

உமணர் வாழ்க்கையின் இடர்களும் சங்கப் பாடல்களில் பதிவாகியிருக்கின்றன. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று அஞ்சி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது ஔவையார் இந்த அச்சையே அவனுக்கு உவமையாக்குகிறார் (புறநானூறு 102). உமணர் தங்கிச் சமைத்துவிட்டுப் போன கல்லடுப்பில், பின்னால் வந்த வேறு மனிதர்கள் தம் உணவைச் சமைத்துக்கொள்ளும் காட்சி அகநானூற்றில் உண்டு. வண்டி போய்விடும், அடுப்புக் கல் மட்டும் வழியில் எஞ்சும். வழிப்போக்கர் வாழ்க்கை விட்டுச்செல்லும் தடயம் அவ்வளவுதான்.

உமணருக்கும் நகரத்தாருக்கும் இடையே நேரான மரபுத் தொடர்ச்சி உண்டென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் உப்பு என்னும் பண்டம் இரு கதைகளையும் இணைக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் என்றதும் பர்மாவும் மலேயாவும் வட்டித் தொழிலும் நமக்கு நினைவு வரும். அவையெல்லாம் 19ஆம் நூற்றாண்டின் கதை. அதற்கு முன்பு அவர்கள் உள்நாட்டு வணிகர்கள். பழநியோடு தொடர்புடைய நகரத்தார் பட்டயங்கள் 17ஆம் நூற்றாண்டில் அவர்கள் அங்கே உப்பு விற்ற செய்தியைச் சொல்கின்றன. நெற்குப்பைக் குமரப்பன் என்னும் வணிகர் பழநிக்கு உப்புக் கொண்டுபோய் விற்று, கிடைத்ததில் ஒரு பகுதியைப் பழநியாண்டவருக்கு மகமையாக ஒதுக்கினார் என்பது அவற்றின் மையச் செய்தி. அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் ரட்னர் 1987இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இந்த ஆவணங்களை விரிவாக ஆராய்ந்தார். கோயிலுக்குக் கொடுத்தலும் உள்நாட்டில் வணிகம் செய்தலும் நகரத்தாருக்கு ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பது அவர் வாதம். தெரியாத ஊரில் விற்க வருகிறவனுக்கு நம்பிக்கை வேண்டும், தங்க இடம் வேண்டும். சாமிக்குக் கொடுத்த மகமை இரண்டையும் பெற்றுத் தந்தது.

உப்பு வணிகம் ஓய்ந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனால் வழி ஓயவில்லை. ஆண்டுதோறும் தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படுகின்றன. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை. பிற சமூகத்தவரும் பல்லாயிரக்கணக்கில் உடன் நடக்கிறார்கள். மூட்டை முடிச்சும் சமையல் சாமானும் முன்பு மாட்டு வண்டிகளில் வந்தன, இப்போது பெரும்பாலும் லாரிகளில் வருகின்றன. வழியிலுள்ள ஒட்டன்சத்திரத்தின் பெயரையே பாருங்கள். அந்த ஊர்ப் பெயருக்குள் ஒரு சத்திரம் இருக்கிறது. பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர்தான் போகும். மாடுகளுக்கு ஓய்வும் தண்ணீரும் கொடுத்தாக வேண்டும் என்பதால் ஒரு நாளில் 25, 30 கிலோமீட்டரைக் கடப்பதே பெரிது. ஆகவே மாட்டின் காலடியே நம் பழைய சாலைகளில் ஊருணிக்கும் சாவடிக்கும் சத்திரத்துக்கும் இடம் குறித்தது எனலாம்.

நகரத்தார் தங்கள் பயணத்துக்காகக் கட்டியவை வண்டி வீடுகள் அல்ல, சத்திரங்கள். இராமேசுவரத்திலும் பழநியிலும் காசியிலும் அவர்களுக்குச் சத்திரங்கள் உண்டு. காசி நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1863இல் தொடங்கியது. விசுவநாதர் வழிபாட்டுக்கான பொருள்களை நாள்தோறும் ஊர்வலமாகக் கொண்டு செல்லும் கடமையையும் அது ஏற்றிருக்கிறது. வழியில் அடுப்புக் கல்லை விட்டுச் சென்ற உமணருக்கும், போகும் ஊரிலெல்லாம் அடுக்களையோடு ஒரு கட்டடத்தை எழுப்பிய நகரத்தாருக்கும் உள்ள வேறுபாடு இது. முன்னவர் வீட்டைச் சுமந்து போனார். பின்னவர் போகும் இடத்தில் வீட்டை வைத்தார்.

வண்டிகளிலும் தரம் உண்டு. மூட்டை ஏற்றக் கட்டை வண்டி. ஆட்கள் போகக் கூண்டு வண்டி. அதிலும் செல்வருக்கு வில்வண்டி. கூண்டு வண்டியில் வளைத்த மூங்கில்களின் மேல் பாய் வேய்ந்திருக்கும். உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருக்கும். வில்வண்டியில் அச்சுக்கும் தட்டுக்கும் இடையே இரும்பு வில் இருப்பதால் சாலையின் அதிர்ச்சி குறையும். சக்கரத்தின் குடமும் ஆரக்காலும் வட்டையும் தச்சர் வேலை, மேலே ஏற்றும் இரும்புப் பட்டையும் கடையாணியும் கொல்லர் வேலை. வெயிலுக்கு அஞ்சி இரவில் வண்டி கட்டுவார்கள். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு வரும். இறங்கித் தங்கும் இடங்களில் பெண்களும் குழந்தைகளும் வண்டிக்குள் உறங்க, வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கும் அழகர் கோயிலுக்கும் கூண்டு வண்டி கட்டிப் போன குடும்பங்கள் தென் மாவட்டங்களில் ஏராளம். அவர்களுக்கு அந்தச் சில நாள்களில் வண்டிதான் வீடு.

ரயில் இந்தப் பகுதிக்குத் தாமதமாகவே வந்தது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் பாதை 1930 வாக்கில்தான் முழுமை பெற்றது. செட்டிநாட்டு வீடுகளோ பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை எழுந்தவை. அப்படியானால் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் எப்படி வந்து சேர்ந்தன? கடல் தாண்டிய வரை கப்பல். கரை இறங்கிய பின் வண்டி. கானாடுகாத்தான் மாளிகை ஒன்றின் முகப்பில் நின்று அந்தத் தூண்களை அண்ணாந்து பார்க்கும்போது, அவற்றை இழுத்து வந்த மாடுகளின் மூச்சை நாம் நினைப்பதில்லை. கட்டியவர் பெயர் முகப்பில் இருக்கும். ஓட்டி வந்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் எங்கும் இருந்ததில்லை.

வண்டி கடல் கடந்த கதையும் ஒன்று உண்டு. பினாங்கில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 1857 முதல் தைப்பூசம் நடத்தி வருகிறார்கள். அங்கே ஓடும் வெள்ளித் தேர் 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலில் அனுப்பப்பட்டது. காளைகள் பூட்டி இழுக்கும் தேர் அது. வண்டிக்குள் இருப்பவர் முருகன், மனிதர்கள் பக்கத்தில் நடக்கிறார்கள். குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியைத் தோளில் சுமந்து போகிறவர்களும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். வண்டியில் ஏறி உட்கார வசதி உள்ளவர்கள், ஆண்டுக்கு ஒரு முறை வண்டியை விட்டிறங்கி நடப்பதை வழிபாடாக்கிக்கொண்டார்கள். உப்பு மூட்டையோடு நடந்த முன்னோரை மறக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி என்ன இருக்கிறது?

இனி இங்கிலாந்தின் வண்டிக்குத் திரும்புவோம். அந்த அழகிய வண்டிகளில் பலவற்றின் முன்மாதிரி ரோமா மக்களின் 'வார்டோ'. ரோமா மக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் மொழி நம் வட இந்திய மொழிகளுக்கு உறவானது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் அவர்களைப் பற்றிய குறிப்புகள் கிடைக்கின்றன. 1530இலேயே அவர்களை வெளியேற்ற ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வெகுகாலம் அவர்கள் நடந்தும் கூடாரமடித்தும்தான் திரிந்தார்கள். வண்டியையே வீடாக்கியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அவற்றுள் 'போ-டாப்' என்னும் வகை, வளைத்த மரச்சட்டங்களின் மேல் துணி போர்த்தியது. படத்தில் பார்த்தால் நம் கூண்டு வண்டிக்கு அண்ணன் முறை என்று தோன்றும். சாலையில் இடப்பக்கம் செல்லும் வண்டியின் புகைபோக்கி ஓர மரக்கிளைகளில் இடிக்காதிருக்க, அதை வலப்பக்கம் வைப்பார்கள். ஓயாமல் நகரும் வீட்டுக்கு மட்டுமே தேவைப்படும் நுட்பம் அது. உரிமையாளர் இறந்தால் வண்டியை அவர் பொருள்களோடு எரித்துவிடுவது அவர்களின் பழைய வழக்கம். வீடு வாழ்ந்தவரோடு போய்விட வேண்டும், வாரிசுக்குக் கூடச் சேராது.

இப்போது அதே வகை வண்டிகள் புல்வெளியில் அசையாமல் நிற்கின்றன. அதே நாட்டில் வண்டியில் வாழும் மக்களுக்கு இடம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அவர்களுக்குத் தங்குமிடம் ஒதுக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 2022ஆம் ஆண்டின் காவல், குற்றவியல் சட்டமோ, அனுமதியற்ற நிலத்தில் வண்டியோடு தங்கிவிட்டு, போகச் சொல்லியும் போகாதிருப்பதைச் சில நிபந்தனைகளோடு குற்றமாக்கிவிட்டது. வண்டியையே பறிமுதல் செய்யவும் அதில் இடம் உண்டு. வாடகை கொடுத்து ஓர் இரவு வண்டியில் உறங்குவது இன்பம். வேறு வீடில்லாமல் அதே வண்டியில் வாழ்வது வழக்கு. வண்டியில் வாழ்ந்தவர்களிடமிருந்து வண்டியைப் பிரித்த பிறகுதான் அது அழகிய பொருளாகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

செட்டிநாட்டின் நிலை முற்றிலும் இப்படியன்று. இங்கே வீட்டை விட்டவர்கள் விரட்டப்பட்டவர்கள் அல்லர், செல்வம் சேர்த்தவர்கள். ஆனால் அந்தச் செல்வம் நின்ற தரை திடீரென்று சரிந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன்பட்ட உழவர்களின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்கள் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாயிற்று. நிலத்தை இழந்த பர்மிய உழவர்களின் கசப்பும் அத்தோடு வளர்ந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948இல் பர்மிய விடுதலையும் நில நாட்டுடைமைச் சட்டமும் எனச் சில ஆண்டுகளுக்குள் அந்த உடைமை கைவிட்டுப் போனது. ஊரில் வீடுகள் மட்டும் எஞ்சின.

அந்த வீடுகள் ஒருவர் உடைமை அல்ல. வளவைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. மணமான தம்பதியரை ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிட்டு, தனி அடுப்பில் சமைக்க வைப்பதற்கு 'வேறு வைத்தல்' என்று பெயர். ஒரே கூரையின் கீழ்ப் பல அடுப்புகள். தலைமுறைகள் பெருகப் பெருகப் பங்காளிகளும் பெருகினார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பங்குதாரர் அனைவரும் ஒப்பினால்தான் கூரையின் ஓட்டை மாற்றலாம், விற்கலாம், விடுதியாக்கலாம். ஒப்பாதபோது வீடு பூட்டிக் கிடக்கும். திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும். ஒப்பியும் காக்க முடியாதபோது தூணும் நிலையும் கதவும் தனித்தனியே பிரிந்து காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வரும். ரோமா வழக்கத்தில் வீடு ஒருவரோடு எரிந்து முடிகிறது. இங்கே நூறு பேருக்குச் சொந்தமாகி யாருக்கும் உதவாமல் முடிகிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபிடத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் பெருமை தரும், கூரையின் ஓட்டை மாற்றாது.

ஆகவே விடுதியாக மாறிய வீடுகளைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. விருந்தினர் தரும் பணத்தால் ஒரு வீடு நிற்கிறது, ஆத்தங்குடிக் கல் பதிப்பவருக்கும் சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்தவருக்கும் சமைப்பவருக்கும் வேலை கிடைக்கிறது. எங்கள் குறை வேறு. விடுதியின் விளக்கத் தாளில் தேக்கு எங்கிருந்து வந்தது என்று இருக்கும். பர்மாவில் அந்தத் தேக்குக்கான பணம் எப்படி வந்தது என்று இராது. கரையிலிருந்து அதை யார் இழுத்து வந்தார் என்று நிச்சயம் இராது. சக்கரத்தைக் கண்ணாடி மூடி மேசையாக்கியவர்களும் விளக்குக் கொத்தாகத் தொங்கவிட்டவர்களும் அது சாலையில் ஓடியது என்பதை மறக்கவே உதவுகிறார்கள்.

செட்டிநாட்டிலேயே இதற்கு மாற்றான ஒரு மனமும் இருந்திருக்கிறது. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றியவர், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து படச்சுருள் சேர்த்தவர். அவரே பழைய தமிழ்ப் பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து 'தமிழ்நாடு' என்ற பெயரில் நூலாக்கினார். மாட்டு வண்டியில் போனவர்களின் அனுபவங்களும் அழியாதிருக்க வேண்டும் என்று, விமானத்தில் பறந்த ஒருவர் நினைத்தார். தூணைக் காப்பது போலவே பயணத்தையும் காக்கலாம் என்பதற்கு அந்நூலே சான்று.

செட்டிநாட்டுக் குடும்பங்களில் இன்னும் வண்டிப் பயணத்தை நினைவில் வைத்திருக்கும் ஆச்சிகளும் ஐயாக்களும் இருக்கிறார்கள். வண்டி ஓட்டியவர்களின் பிள்ளைகளும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். எந்த ஊருணியில் மாடு அவிழ்த்தார்கள், எந்தச் சத்திரத்தில் உலை வைத்தார்கள், வண்டிக்காரர் பெயர் என்ன என்று கேட்டு எழுதிவைக்கப் பெரிய நிறுவனம் எதுவும் தேவையில்லை, ஒரு குறிப்பேடு போதும். வண்டிக்கு உள்ளே உறங்கியவர்களின் வீடுகள் எப்படியோ பட்டியலில் ஏறிவிட்டன. வண்டிக்கு அடியில் உறங்கியவர்களின் பெயர்களையும் நாம் எழுதிக்கொள்ள வேண்டிய நேரம் இது. இதை வாசிக்கும் நண்பர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு செல்ல வேண்டுகிறோம்.